இல்லத்துப் பின்னல் வேலை: இன்பமும் கணக்கும்

நெசவாளர் இல்லத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. உழவர் இல்லத்தில் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே ஓய்வு நாட்களுக்குப் பஞ்சமில்லை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் வளரத்தக்க ஒரு சிறு கைத்தொழிலைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். ஊசியாலோ கொக்கியாலோ நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து ஆடையாகவும் விரிப்பாகவும் ஆக்கும் பின்னல் வேலையே அது.

இதனைப் பொழுதுபோக்காகச் செய்வோர் பலர். பிழைப்பாகச் செய்வோரும் பலர். பொழுதுபோக்கு எங்கே முடிகிறது, கூலி வேலை எங்கே தொடங்குகிறது என்பதை அறியாமல் செய்வோரும் உளர். அவர்களே பெரும்பாலும் நட்டப்படுகின்றனர். அந்த எல்லையைத் தெளிவாகக் காண்பதே இப்பாடத்தின் முடிவான நோக்கம். அதற்கு முன்னர், பின்னல் என்பது யாது, அதனைத் தனியேயும் பிறரோடு கூடியும் எவ்வாறு மகிழ்ச்சியுடன் செய்யலாம் என்பவற்றைக் காண்போம்.

1. நெசவும் பின்னலும்

நெசவில் இரண்டு நூல் வரிசைகள் உண்டு. பாவு நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது; ஊடை அதனைக் குறுக்கே கடந்து செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால் துணி உருவாகிறது. ஆகவே நெய்த துணி உறுதியுடையது. ஆனால் அதிகம் நெகிழ்ந்து கொடுக்காது.

பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அக்கண்ணியின் வழியே மற்றொரு கண்ணி இழுக்கப்படுகிறது. இழுத்தால் கண்ணிகள் நீளும், விட்டால் மீளும். காலுறையும் பனியனும் உடலோடு ஒட்டி நிற்பதற்குக் காரணம் இதுவே.

பின்னல் இருவகைப்படும். இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னுவதை நிட்டிங் என்கிறோம். இதில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் உயிரோடு காத்து நிற்கும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ள கண்ணிகளும் ஏணிப்படி போல் வரிசையாக அவிழும். மற்றொன்று முனையில் கொக்கியுள்ள ஒரே ஊசியால் செய்யப்படும் குரோஷா. இதில் எந்த நேரத்திலும் பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டுமே கொக்கியில் நிற்கும். குழந்தை அழுதாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், கொக்கியை எடுத்துவிட்டு எழுந்து செல்லலாம். திரும்பி வந்து அந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டால் போதும். இல்லத்தரசிகள் பலர் குரோஷாவை விரும்புவதற்கு இது ஒரு தக்க காரணம்.

இவ்விரண்டுக்கும் இடையே பொருளாதார முக்கியத்துவமுடைய ஒரு வேறுபாடும் உண்டு. நிட்டிங் வேலையை இயந்திரம் நெடுங்காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். இன்று திருப்பூரின் பனியன் ஆலைகளில் சுழலும் பொறிகள் யாவும் அச்சட்டத்தின் வழிவந்தவை. ஆனால் உண்மையான குரோஷாவை இன்றளவும் ஆலைப் பொறி செய்து தருவதில்லை. அதனைப் போலத் தோன்றும் சரிகையையே பொறிகள் தருகின்றன. எனவே கடையில் ஒரு குரோஷாப் பொருளைக் காணும்போது, எங்கோ ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு கண்ணியாகத் தம் கையால் இழுத்திருக்கிறார் என்று நாம் உறுதியாகக் கொள்ளலாம். அதன் விலை மிகக் குறைவாயிருந்தால், யாருடைய நேரத்துக்கோ கூலி கொடுக்கப்படவில்லை என்பதும் அநேகமாக உறுதி. இக்கருத்தை நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

2. நூலும் கருவியும்

நெசவாள அங்கத்தினர்களுக்கு நூல் எண்ணைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிட்டம் 840 கஜம். ஓர் இராத்தலுக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் எண். 20ஆம் எண் நூல் ஓர் இராத்தலுக்கு 16,800 கஜம் வரும். இதனைத் தனி இழையாக வைத்துக் கொக்கியால் பின்ன இயலாது. பல இழைகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். 6 இழை சேர்த்தால் இராத்தலுக்கு 2,800 கஜம். மெல்லிய மேசை விரிப்புக்கு இது ஏற்றது. கொக்கி 2 மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். 12 இழை சேர்த்தால் இராத்தலுக்கு 1,400 கஜம். குழந்தைப் போர்வைக்கும் பைக்கும் இது ஏற்றது. கொக்கி 3 மில்லிமீட்டர் போதும்.

இழைகளைச் சேர்த்து முறுக்கும்போது, தனி இழை எப்பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று சமன் செய்யும்; நூல் சுருண்டு திருகிக்கொள்ளாது. இராட்டையில் தார் சுற்றிப் பழகிய கைக்கு இது ஒரு நாள் பழக்கமே.

பாவு முடிந்தபின் தறியில் எஞ்சும் நூலையும் வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அது கஞ்சி ஏறிய நூல். அதனை முதலில் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். இல்லையேல் பின்னல் விறைப்பாயிருக்கும். முதற் சலவையில் அளவு மாறிவிடும். சாயம் போகும் நூலா என்பதை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து அறிந்துகொள்க. சிறு துண்டுகளைச் சதுரங்களின் நடுப்பகுதிக்கும், நீண்டவற்றை ஓரத்துக்கும் பயன்படுத்தலாம்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். கொக்கி வேலைக்கு வழுவழுப்பான நூல் வேண்டும். இழை நீளமான பருத்தியே அத்தகைய நூலைத் தரும். குட்டை இழைப் பருத்தியின் நூலில் பிசிறு எழும்பிக் கண்ணியின் வடிவை மறைத்துவிடும். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளைச் சேர்த்துக் கோயம்புத்தூரில் உருவாக்கி 1974ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி, நம் நாட்டின் மிக நீண்ட இழை வகைகளுள் ஒன்று. வயலில் நாம் தெரிந்தெடுக்கும் விதை, பின்னுபவரின் விரல்நுனி வரை சென்று பேசுகிறது.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிரூர்களுக்குக் கம்பளி நூல் பொருந்தும். சமவெளியில் வாழும் நமக்குப் பருத்தியே சிறந்தது. கடைகளில் உல்லன் நூல் என்ற பெயரில் விற்பவற்றுள் பல செயற்கை இழைகள். அவை வண்ணமும் மலிவும் உடையவை, ஆனால் வியர்வையை உறிஞ்சா, நெருப்பருகே உருகும். அடுப்பருகே பயன்படும் பிடிதுணிக்கு அவற்றை ஒருபோதும் கொள்ளலாகாது.

3. முதற் பாடம்: ஒரு சதுரம்

தொடங்குவோர் பெரிய போர்வையை எண்ணி மலைக்க வேண்டாம். ஒரு சிறு சதுரத்தைக் கற்றால் போதும்; சதுரங்கள் சேர்ந்து எதுவும் ஆகும்.

முதலில் நூலில் ஓர் உருவுமுடிச்சிட்டுக் கொக்கியில் மாட்டுக. நூலைக் கொக்கியின்மேல் சுற்றி, இருக்கும் கண்ணியின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி ஆகும். இவ்வாறு 6 கண்ணிகள் செய்து, கடைசியை முதற் கண்ணியோடு இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும்.

அடுத்துத் தூண் கண்ணி. நூலை ஒரு முறை கொக்கியில் சுற்றிக்கொண்டு, கொக்கியை வளையத்துக்குள் நுழைத்து நூலை இழுத்தால், கொக்கியில் மூன்று கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி முதல் இரண்டின் வழியே இழுக்க. இன்னும் ஒரு முறை சுற்றி எஞ்சிய இரண்டின் வழியே இழுக்க. ஒரு தூண் எழுந்து நிற்கும்.

முதற் சுற்றில் மும்மூன்று தூண்கள் கொண்ட நான்கு குழுக்கள் வர வேண்டும். முதற் குழுவின் முதல் தூணுக்குப் பதிலாக 3 சங்கிலிக் கண்ணிகள் போடுக. குழுவுக்கும் குழுவுக்கும் இடையே 2 சங்கிலிக் கண்ணிகள். அவையே சதுரத்தின் மூலைகள். சுற்றின் முடிவைத் தொடக்கத்தோடு இணைக்க. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் மூன்று தூண், 2 சங்கிலி, மூன்று தூண் என்று போடுக. மூலைக்கும் மூலைக்கும் இடையே 1 சங்கிலி. மூன்றாம் சுற்று முதல், மூலைகளில் இவ்வாறும், பக்கங்களிலுள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் மூன்று தூண்களும் போட்டுச் செல்க.

சரியாகச் செல்கிறோமா என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. முதற் சுற்றில் 4 குழுக்கள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, இவ்வாறே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு நான்காக உயர வேண்டும். ஆறாம் சுற்றில் 24 குழுக்கள். 12 இழை நூலும் 3 மில்லிமீட்டர் கொக்கியும் கொண்டு ஆறு சுற்றுப் பின்னினால், சதுரம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரும். நான்காம் வாய்பாட்டை மனப்பாடம் செய்யத் தயங்கும் பிள்ளையை அருகில் அமர்த்தி எண்ணச் சொல்லுக. வாய்பாடும் வரும், சதுரமும் வரும்.

கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு தருவது இன்றியமையாதது. பகல் வெளிச்சத்தில், ஒளி தோளின் பின்னிருந்து வரும்படி அமர்க. அரைமணிக்கு ஒரு முறை கையை விரித்து நீட்டி, தொலைவிலுள்ள மரத்தைச் சிறிது நோக்குக. கருநிற நூலை இரவில் பின்னுவது தவறு.

4. கூடிப் பின்னுதல்

பின்னல் வேலையின் பெருஞ் சிறப்பு, கை வேலை செய்கையில் வாயும் செவியும் ஓய்வாயிருப்பது. தறியின் ஓசையில் உரையாடல் கடினம். கொக்கிக்கு ஓசையே இல்லை. ஆகவே கூடியிருந்து செய்வதற்கு இதைவிட ஏற்ற வேலை அரிது.

இங்கிலாந்தின் வடபகுதியில் டென்ட் என்னும் ஒரு பள்ளத்தாக்கு ஊர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு ஆடவர், பெண்டிர், சிறுவர் அனைவரும் கம்பளிக் காலுறையும் தொப்பியும் பின்னினர். நடக்கும்போதும், ஆடு மாடுகளை ஓட்டிச் செல்லும்போதும் கை ஓயாது. ‘பயங்கரப் பின்னலாளர்’ என்றே அவ்வூரார்க்குப் பெயர். மிகத் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். குளிர்கால மாலைகளில் அண்டை வீட்டார் ஒவ்வொருவர் இல்லத்திலும் முறைவைத்துக் கூடினர். பல வீட்டார் ஒரே கணப்பைச் சுற்றி அமர்ந்ததால் ஏனைய வீடுகளில் விறகும் விளக்கும் மிஞ்சின. கதையும் பாட்டும் ஊர்ச் செய்தியும் நிகழ்ந்தன. வில்லியம் ஹோவிட் என்னும் எழுத்தாளர் 1838ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கூட்டங்களை விவரித்திருக்கிறார். சட்ட விதிகள் எழுதப்படாத ஒரு சிறு கூட்டுறவு அது எனலாம். ஆடவர் பின்னுவது இழுக்கு என்று அவர்கள் எண்ணவில்லை என்பதையும் நம் சகோதரர்கள் குறித்துக்கொள்க. அறுந்த பாவு இழையைத் தேடி எடுத்து முடிந்து பழகிய விரலுக்குக் கொக்கி கனக்குமா?

நம் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. சென்னையில் 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ் என்னும் குழுவினர் தங்கள் இல்லங்களில் தனித்தனியே பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையாக விரித்து, உலக அளவில் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்ற கின்னஸ் பதிவைப் பெற்றனர். எவரும் தனியே செய்திருக்க முடியாத ஒன்று, ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகச் செய்ததால் முடிந்தது.

கூடிப் பின்னும்போது ஒரு சிக்கல் எழும். நாம் அறிந்த ஒரு சிற்றூரில் நெசவாளர் இல்லத்துப் பெண்கள் அறுவர் மாலைதோறும் கூடி, 48 சதுரங்களால் ஒரு குழந்தைப் போர்வை செய்ய முனைந்தனர். ஒவ்வொருவரும் 8 சதுரம் செய்தனர். சேர்க்கும் நாளில் ஒருவர் சதுரம் 14½ சென்டிமீட்டரும், மற்றொருவர் சதுரம் 15 சென்டிமீட்டரும் இருந்தன. அரை சென்டிமீட்டர் தானே என்று எண்ணினர். எட்டுச் சதுரம் கொண்ட வரிசையில் அது 4 சென்டிமீட்டர் ஆயிற்று. போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மேலும் சிவப்பு நூலை இருமுறை வாங்கியதால், சாயத் தொட்டி வேறுபட்டு இரண்டு சிவப்புகள் தெரிந்தன. பாதியை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

அவர்கள் அதிலிருந்து கற்ற விதிகள் மூன்று. முதலாவது, வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி அளந்து பார்த்தல். கை இறுக்கமானவர் சற்றுப் பெரிய கொக்கியும், கை தளர்ந்தவர் சற்றுச் சிறிய கொக்கியும் கொள்ள வேண்டும். கையை மாற்ற முயல்வதைவிடக் கொக்கியை மாற்றுவது எளிது. இரண்டாவது, முழு வேலைக்கும் வேண்டிய நூலை ஒரே சாயத்தில் ஒரே நாளில் வாங்குதல். மூன்றாவது, ஒரு குறிப்பேடு வைத்து, யார் எவ்வளவு நேரம் பின்னினார், எவ்வளவு நூல் எடுத்தார் என்று அன்றன்றே எழுதுதல். இம்மூன்றாம் விதியை அவர்கள் விளையாட்டாகவே தொடங்கினர். அதன் மதிப்பு பின்னரே தெரிந்தது.

5. பஞ்சமும் கொக்கியும்: அயர்லாந்தின் பாடம்

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. குடியானவர் அந்த ஒரே பயிரை உண்டு வாழ்ந்தமையால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பல இலட்சம் மக்கள் நாடு விட்டகன்றனர். ஒரு பயிரையே நம்புவதன் ஆபத்தை உழவர் யாவரும் இதிலிருந்து அறிவர். நாம் இங்கே காண விரும்புவது வேறொன்று.

அக்காலத்தில் கார்க் நகருக்கு அருகிலுள்ள கன்னிமாடத்தின் துறவியர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாச் சரிகை கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் மனைவியான கசாண்டிரா ஹாண்ட் அம்மையார் 1847ஆம் ஆண்டில் இவ்வேலையை நிவாரணமாகத் தொடங்கினார். இதற்குத் தறி வேண்டாம், கொட்டகை வேண்டாம். ஒரு கொக்கியும் நூலும் போதும். ரோஜா, இலை முதலிய உருக்களை வெவ்வேறு குடும்பத்தார் தனித்தனியே பின்ன, மற்றவர் அவற்றை வலைப்பின்னலால் இணைத்தனர். பஞ்சகாலத்தில் பல குடும்பங்களுக்குக் கொக்கியின் வருவாய் கைகொடுத்தது.

ஆயினும் அச்சந்தை தொலைவிலுள்ள செல்வர்களின் உடை நாகரிகத்தை நம்பியிருந்தது. நாகரிகம் மாறியபோதும், மலிவான பொறிச்சரிகை வந்தபோதும், பின்னியவர்கள் கையில் ஒன்றும் இல்லை. தொழில் பிறரால் தரப்பட்டது. சந்தையும் பிறரிடமே இருந்தது. கை மட்டுமே அவர்களுடையது.

6. நரசாபுரத்தின் பாடம்

நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில், கோதாவரி ஆற்றின் கழிமுகத்தில் நரசாபுரம் உள்ளது. அங்கும் 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயப் பணியாளர்கள் வாயிலாகச் சரிகைப் பின்னல் வந்தது. சுற்றுவட்டார ஊர்களில் பெண்கள் குரோஷாச் சரிகை பின்னினர். அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளியது, ஆனால் கடுமையானது. பெண்கள் வீட்டு வேலையோடு சேர்த்து நாளின் பெரும்பகுதியை உழைப்பிலேயே கழித்தனர். ஆயினும் அவர்கள் தொழிலாளர் என்று கருதப்படவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே அது சொல்லப்பட்டது. அப்பெண்களும் அவ்வாறே எண்ணினர். ஓய்வு நேரத்து வேலைக்குக் கூலி எதற்கு என்ற எண்ணத்தால், உருப்படிக்கு மிகச் சிறிய தொகையே கிடைத்தது. நூலைக் கொடுத்துச் சரிகையைப் பெற்ற தரகர்களும் ஏற்றுமதியாளர்களும் செல்வம் ஈட்டினர். பின்னியவர்கள் தத்தம் வீட்டுத் திண்ணைகளில் தனித்தனியே இருந்ததால், ஒருவர் பெறும் கூலி மற்றவருக்குத் தெரியவில்லை.

2024ஆம் ஆண்டில் நரசாபுரம் குரோஷாச் சரிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது மகிழத்தக்கதே. ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும்; பின்னுபவரின் மணிக்கணக்கைக் காப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் ஏனைய கூலித் தொழிலாளருக்கு இணையாக நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996ஆம் ஆண்டில் 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் அடிப்படை எண்ணம் இதுவே: சுவர் எதுவாயினும் உழைப்பு உழைப்பே.

7. ஒரு போர்வையின் கணக்கு

இப்போது முன் கூறிய அறுவரின் குறிப்பேட்டுக்கு வருவோம். அதில் எழுதியிருந்தது வருமாறு: ஒரு சதுரம் பின்ன 40 நிமிடம், 48 சதுரத்துக்கு 32 மணி. இணைத்து ஓரம் கட்டி அலசி உலர்த்த 8 மணி. ஆக 40 மணி. நூல், சதுரத்துக்கு 10 கிராம் வீதம் 480 கிராம். இணைப்புக்கும் ஓரத்துக்கும் 120 கிராம். ஆக 600 கிராம்.

கணக்கின் பொருட்டு, நூல் கிலோவுக்கு 500 ரூபாய் என்றும், உழைப்பு மணிக்கு 50 ரூபாய் என்றும் கொள்வோம். நூல் 300 ரூபாய். உழைப்பு 2,000 ரூபாய். அடக்கவிலை 2,300 ரூபாய். நூலைத் தானே தந்து, போர்வைக்கு 480 ரூபாய் கூலி தருவதாக ஒருவர் சொன்னால், 480ஐ 40ஆல் வகுக்க: மணிக்கு 12 ரூபாய். ஊருக்கு ஊர் தொகை மாறலாம். வகுக்கும் முறை மாறாது.

அந்தச் சிற்றூரிலும் வியாபாரி ஒருவர் வந்தார். போர்வையைப் பார்த்து மகிழ்ந்து, இதுபோல் மாதம் பத்து வேண்டும் என்று சொல்லி, ஒரு தொகையையும் சொன்னார். அறுவருள் மூத்தவர் குறிப்பேட்டைத் திறந்து வகுத்துப் பார்த்தார்.

“ஐயா, இது எங்கள் பொழுதுபோக்கு. சும்மா கொடு என்று கேட்டால் வேண்டியவர்களுக்குக் கொடுப்போம். கூலிக்குச் செய் என்று கேட்டால் கூலியைக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே எங்களுக்கு வழி தெரியவில்லை” என்றார்.

வியாபாரி சென்றுவிட்டார். இத்துடன் கதை முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மறுநாள் அறுவருள் இளையவர் தயங்கித் தயங்கி மூத்தவரிடம் வந்தார்.

“அக்கா, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகத் தறி நிற்கிறது. பன்னிரண்டு ரூபாயானாலும் இன்றைக்கு வருகிறதே” என்றார்.

அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அதன்பின் மாலைக் கூட்டத்துக்கு வர அவருக்கு நேரமில்லை; பின்னும்போது பேசவும் நேரமில்லை. முன்பு அவர் கையில் இன்பமாயிருந்த அதே கொக்கி, அதே சதுரம், அதே எண்ணிக்கை.

அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. குறை நம்மிடமே உள்ளது. பாவு இன்றித் தறி நின்ற நாட்களில் அவ்வீட்டுக்கு முன்பணம் தரும் ஏற்பாடு அவ்வூர்ச் சங்கத்தில் இல்லை. நூல் வாங்கிக் கொடுத்து, பொருளை எடுத்து, நியாயமான விலைக்கு விற்றுத் தரும் ஏற்பாடும் இல்லை. வறுமையில் உள்ளவரிடம் பேரம் பேசும் உறுதியை எதிர்பார்ப்பது எளிது. அவ்வுறுதிக்குப் பின்பலமாக நிற்பதே கூட்டுறவின் கடமை.

8. சங்கங்கள் செய்யத்தக்கவை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, இன்பத்துக்காகப் பின்னுவதை இன்பமாகவே வைத்துக்கொள்வோம். பேரக் குழந்தைக்குத் தொப்பியும், மருத்துவமனையில் கிடக்கும் அண்டை வீட்டாருக்குப் போர்வையும் பின்னுவதற்குக் கணக்கு வேண்டாம். எதையும் காசாக்க வேண்டும் என்பது கூட்டுறவின் கொள்கையன்று. மாதம் சில மாலைகள் சங்கக் கட்டடத்தின் கூடத்தைப் பின்னல் குழுவுக்குத் திறந்துவிடலாம். ஒருவர் செய்தித்தாளோ இவ்விதழோ படிக்க, ஏனையோர் பின்னிக்கொண்டே கேட்கலாம். கண் மங்கிய முதியோருக்குக் கனமான நூலும் பெரிய கொக்கியும் கொடுத்தால் அவர்களும் பங்குபெறலாம்.

இரண்டாவதாக, விற்பனைக்கென்று பின்னத் தொடங்கும் நாளிலேயே நேரக் குறிப்பேடும் தொடங்க வேண்டும். கூலி இவ்வளவு என்பதைக் குழுவினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் கூலி மற்றவருக்கு மறைவாயிருக்கும் இடத்தில் எல்லோர் கூலியும் தாழும்.

மூன்றாவதாக, நூலைச் சங்கத்தின் வாயிலாக மொத்தமாக, ஒரே சாயத்தில் வாங்கலாம். நூல் வியாபாரியுடையதாயிருக்கும் வரை பொருளும் அவருடையதே. நூல் குழுவினுடையதானால் பொருளும் குழுவினுடையதாகும்.

நான்காவதாக, தறி நிற்கும் காலத்திலும், பயிர் பொய்க்கும் காலத்திலும் பின்னுவோருக்குச் சிறு முன்பணம் கொடுத்து, பொருள் விற்றபின் கழித்துக்கொள்ளலாம். மேற்கூறிய இளைய சகோதரிக்குத் தேவைப்பட்டது இது ஒன்றே.

ஐந்தாவதாக, அயர்லாந்தை மறவாமல், ஒரே பொருளையும் ஒரே தொலைதூரச் சந்தையையும் நம்பாதிருப்போம். நம் ஊரிலேயே விற்கும் பை, பிடிதுணி, குழந்தைத் தொப்பி, நம் தறியில் நெய்த துண்டுக்குக் கொக்கியால் கட்டிய ஓரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நலம். நெய்த துணிக்கும் பின்னிய ஓரத்துக்கும் உள்ள உறவு, ஆடவர் உழைப்புக்கும் பெண்டிர் உழைப்புக்கும் உள்ள உறவைப் போன்றது. விலைச்சீட்டில் இரண்டும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

பின்னலில் ஒரு கண்ணி தன் முன்னுள்ள கண்ணியைப் பற்றியே நிற்கிறது. முன்னது நழுவினால் பின்னதும் நில்லாது. அந்த இளைய சகோதரி மீண்டும் மாலைக் கூட்டத்துக்கு வந்து அமரும் நாள்வரை, அவ்வூர்ச் சங்கத்தின் வேலை முடிந்ததாக நாம் எண்ண இயலாது. நம் ஊரிலும் அத்தகைய ஒருவர் உளரா என்று ஒவ்வொரு சங்கமும் பார்த்தல் வேண்டும்.

படிப்பு வட்டத்துக்கு உரிய வினாக்கள்

1. நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள அமைப்பு வேறுபாட்டை ஒரு நூல் துண்டைக் கொண்டு விளக்கிக் காட்டுக.

2. ஆறு சுற்றுள்ள ஒரு சதுரத்தில் மொத்தம் எத்தனை தூண் கண்ணிகள் உண்டு? முதற் சுற்றின் 12இலிருந்து தொடங்கிக் கூட்டுக. விடை 252 வரவில்லையெனில் மீண்டும் எண்ணுக.

3. உங்கள் இல்லத்தில் அண்மையில் பின்னிய, முடைந்த அல்லது தைத்த ஒரு பொருளை எடுத்துக்கொள்க. ஒயர் கூடையும் ஆகலாம். அதற்குச் சென்ற மணிகளையும் மூலப்பொருளின் விலையையும் எழுதுக. அது விற்ற விலையில் மணிக்கு எவ்வளவு கிடைத்தது?

4. அயர்லாந்து, நரசாபுரம் ஆகிய இரண்டிடங்களிலும் பின்னியவர்களுக்குச் சொந்தமாயிருந்தவை எவை? சொந்தமல்லாதவை எவை?

5. தறி நிற்கும் மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்க உங்கள் சங்கத்தில் ஏற்பாடு உண்டா? இல்லையெனில், அடுத்த பொதுக்குழுவில் அதனை எழுப்புபவர் யார்? பெயரைக் குறித்துக்கொண்டு கலைக.